சமவெளியைக் கடக்கும் 765 கிலோவோல்ட்

கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை. மதுரையிலிருந்து வடக்கே போகும் ரயிலும் நான்குவழிச் சாலையும் இரண்டுக்கும் நடுவே திண்டுக்கல் சமவெளியில்தான் புகுந்து வருகின்றன. மின்சாரத்துக்கும் இந்தப் பக்கம்தான் வழி. கயத்தாறிலும் தேனியிலும் காற்றாலைகள், கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம். கரண்ட் கேட்டு நிற்கும் ஆலைகளோ கோவையிலும் திருப்பூரிலும். ஆடிக் காற்று வீசும்போது, கொண்டுபோகப் பாதை போதாமல் காற்றாலைகளை நிறுத்திவைத்த காலங்கள் உண்டு. வயிறெரிய வைக்கும் விரயம் அது.

விருதுநகரையும் கோவையையும் 765 கிலோவோல்ட் பாதையால் இணைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகம் எடுத்தது இதற்காகத்தான். ஆசிய வளர்ச்சி வங்கி 45.1 கோடி டாலர் கடன் தர முன்வந்தது.

ஏன் இவ்வளவு மின்னழுத்தம்? 1,500 மெகாவாட்டை 230 கிலோவோல்ட்டில் அனுப்பினால் ஏறத்தாழ 3,750 ஆம்பியர் ஓட வேண்டும். 765-இல் 1,130 போதும். கம்பி சூடாகி வீணாவது ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அதே கம்பியில் இழப்பு பதினொன்றில் ஒரு பங்காகிவிடும்.

ஆனால் இந்த அழுத்தத்தில் கம்பியைச் சுற்றியுள்ள காற்றே மின்சாரத்தைக் கசியவிடும். தூறல் நாளில் டவர் லைனுக்கு அடியில் கேட்கும் ‘ஸ்ஸ்’ சத்தம் அதுதான். கசிவைக் குறைக்க, ஒரே கம்பிக்குப் பதில் பல கம்பிகளைக் கொத்தாகக் கட்டுகிறார்கள். அலுமினியத்தில் சின்னக் கீறல் விழுந்தாலும் அங்கே கசியும் என்பதால், கம்பி இழுக்கும்போது அது தரையில் படவே கூடாது. முதலில் கப்பிகள் வழியாக ஒரு கயிற்றை ஓட்டி, அதன் முனையில் கம்பியைப் பிணைத்து, ஒரு பக்கம் வின்ச் இழுக்க, மறுபக்கம் பிரேக் இயந்திரம் விறைப்பாகப் பிடித்துக்கொள்ளும். பார்த்துக்கொண்டே நிற்கலாம், அத்தனை நேர்த்தியான வேலை.

நிலம்தான் சிக்கல். இரட்டைச் சுற்று 765 கிலோவோல்ட் பாதைக்கு 67 மீட்டர் அகலம் வேண்டும். அதற்கடியில் வெங்காயம் போடலாம்; வீடு கட்டவோ தென்னை வளர்க்கவோ முடியாது. 2024 ஜூனில் வந்த மத்திய வழிகாட்டுதல் டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதமும், பாதை அகலத்துக்கு 30 சதவீதமும் தரச் சொல்கிறது. புகளூர்–திருச்சூர் நேர்திசை மின் பாதை கேரளத்தில் ஒரு பகுதி புதைகேபிளாகப் போவதைக் காட்டி, எங்களுக்கும் புதையுங்கள் என்று கொங்கு விவசாயிகள் கேட்டார்கள். ஆனால் இந்த 765 பாதையில் ஓடும் மாறுதிசை மின்சாரத்தை நெடுந்தூரம் புதைத்தால், கேபிளுக்கு மின்னூட்டம் ஏற்றி இறக்கவே அதன் திறனில் பெரும்பங்கு போய்விடும். மேலேதான் போக வேண்டும் என்றால், ஒரே தடவைப் பணத்தோடு நிறுத்தாமல் ஆண்டுதோறும் வாடகை தாருங்கள் என்ற அவர்களுடைய இன்னொரு கோரிக்கைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. தென்னை ஆண்டுதோறும் காய்க்கிற மரம்.