குங்ஃபூ ஹஸில்: மரியாதைக்கு ஆன செலவு

2004 இறுதியில் வந்த ‘குங்ஃபூ ஹஸில்’ படத்துக்கு ஆன செலவு சுமார் 2 கோடி அமெரிக்க டாலர். ஹாங்காங்கில் மட்டும் 6.1 கோடி ஹாங்காங் டாலர் வசூலித்து, படத்தை இயக்கி நடித்த ஸ்டீபன் சௌ தன்னுடைய ‘ஷாவொலின் சாக்கர்’ (2001) வைத்திருந்த சாதனையைத் தானே முறியடித்தார். உலக வசூல் 10 கோடி அமெரிக்க டாலரைத் தாண்டியது.

இந்தப் படத்துக்குள் எத்தனை பழைய படங்கள் ஒளிந்திருக்கின்றன என்பது ரசிகர்களுக்குத் தீராத விளையாட்டு. கேமரா கோணம் ஒத்துப்போனாலே ‘ரெஃபரன்ஸ்’ என்று சிவப்பு வட்டம் போட்டுவிடுகிறார்கள். அப்படி எண்ணினால் கணக்கு முடியாது. சம்பளம் வாங்கிய ஆள், கட்டி நிறுத்திய செட், வாய்விட்டுச் சொன்ன பெயர் ஆகிய மூன்றை மட்டும் இங்கே பற்று எழுதியிருக்கிறேன்.

பெரிய பற்று 1973-ஆம் ஆண்டின் பேரில். ஹாங்காங்கில் கான்டனீஸ் மொழிப் படங்கள் அப்போது ஏறக்குறைய செத்துக் கிடந்தன. 1972-ல் ஒன்றுகூட வரவில்லை. மறு ஆண்டு ஷா பிரதர்ஸ் தயாரிப்பில், சோர் யூன் இயக்கத்தில் ‘72 குடித்தனக்காரர்களின் வீடு’ வெளியாகி சுமார் 56 லட்சம் ஹாங்காங் டாலர் வசூலித்தது. அதே ஆண்டு, புரூஸ் லீ இறந்தபின் வெளியான ‘என்டர் தி டிராகன்’ அங்கே எடுத்தது சுமார் 33 லட்சம். ஆம், சொந்த ஊரில் புரூஸ் லீயை முந்தியது ஒரு வாடகை வீட்டுப் படம்!

சௌ தன் படத்தின் ‘பன்றிக்கொட்டில் சந்து’ குடியிருப்பைக் கட்டியது அந்த வாடகை வீட்டை வைத்துத்தான். நெருக்கியடித்த மாடிகள், முற்றத்தில் குழாயடி, வாய்க்கு அஞ்சவைக்கும் வீட்டுக்காரம்மா. தலை முழுக்கச் சோப்பு நுரையோடு ஒருவன் நிற்கும்போது தண்ணீர் நின்றுபோகிறது. ஏனென்று கேட்டவனுக்குக் கிடைப்பது வசவு. அந்த அம்மாவின் புருஷனாக வரும் யூன் வா, ‘என்டர் தி டிராகன்’ படத்தில் புரூஸ் லீக்கு டூப் போட்டவர். ஆக, 56 லட்சத்துப் படத்தின் வீட்டுக்கு 33 லட்சத்துப் படத்தின் டூப் உரிமையாளர். என் கணக்கில் படத்தின் ஆகச் சிறந்த மரியாதை இதுதான். இதற்கு எந்த வட்டமும் தேவையில்லை, டைட்டில் கார்டிலேயே பெயர் இருக்கிறது.

வீட்டுக்காரம்மா யூன் சியூ, 1974-ல் ‘தி மேன் வித் தி கோல்டன் கன்’ ஜேம்ஸ் பாண்ட் படத்தில் சண்டை போட்ட பெண். இவரும் யூன் வாவும் ஜாக்கி சான் படித்த அதே சீன ஓப்பரா பள்ளியில் வளர்ந்தவர்கள். 2004-ல் இருவருக்கும் வயது 54.

வில்லனுக்கு 56. பனியனும் செருப்புமாக வரும் லியூங் சியூ-லுங், எழுபதுகளில் புரூஸ் லீ சாயலில் நடித்துப் பிழைத்த கூட்டத்தில் ஒருவர். 1977-ல் வந்த ஒரு படத்தில், செத்துப் பாதாள உலகம் போன புரூஸ் லீயாகவே நடித்தார். அசலுக்கு டூப் போட்டவரும் நகலாக நடித்தவரும் இங்கே மோதுகிறார்கள்.

பெயர்ப் பற்று சிறியது. வீட்டுக்காரத் தம்பதி தங்களை யாங் குவோ, சியாவோ லுங் நூ என்று அறிமுகம் செய்துகொள்கிறார்கள். ஜின் யோங் 1959 மே 20 முதல் மிங் பாவ் நாளிதழில் எழுதிய தொடர்கதையின் அழகான இளம் காதலர்கள் அவர்கள். இங்கே அந்தக் காதலியின் தலையில் சுருள் கட்டைகள், வாயில் சிகரெட். வில்லனின் தவளை வித்தையும் ஜின் யோங் கதையில் உள்ளதே. பிச்சைக்காரன் சிறுவனிடம் 10 டாலருக்குத் தள்ளிவிடும் ‘புத்தரின் உள்ளங்கை’ ஏடு, 1964-ல் தொடங்கிய படவரிசையின் பெயர்.

மனநல விடுதித் தாழ்வாரத்தில் பாயும் ரத்தம் ‘தி ஷைனிங்’ (1980). கால்கள் சக்கரமாகச் சுழலும் துரத்தல் ரோட் ரன்னர் கார்ட்டூன். இவை எவரும் கண்டுபிடிப்பவை; அதனால் பற்றில் சேர்க்கவில்லை.

இனி வரவு. ஹாங்காங் வசூலை அமெரிக்க டாலராக்கினால் சுமார் 78 லட்சம். செலவில் 40 சதவீதம்கூட இல்லை, உலக வசூலில் 8 சதவீதத்துக்கும் குறைவு. வட அமெரிக்கா மட்டும் 1.71 கோடி கொடுத்தது. 72 குடித்தனத்தைத் தியேட்டரில் பார்த்த ஊரைவிட, அதைக் கேள்விப்பட்டே இராத ஊரிலிருந்து இரண்டு மடங்குக்கு மேல் பணம் வந்திருக்கிறது. பழைய படம் தெரியாதவனையும் அந்த நுரைத் தலைக்காரன் சிரிக்கவைத்தான் என்று பொருள். குறிப்பு புரிந்தால்தான் காட்சி புரியும் என்று எடுக்கப்படும் இப்போதைய படங்கள் இந்த வரியை ஒருமுறை கூட்டிப் பார்க்கலாம்.

மரியாதை பெற்றவர்களுக்கும் பங்கு கிடைத்தது. 2005 ஹாங்காங் திரைப்பட விருதுகளில் படம் வென்ற 6-ல் சிறந்த துணை நடிகர் விருது யூன் வாவுக்கு. அதே ஆண்டு தைவானின் தங்கக் குதிரை விழாவில் சிறந்த துணை நடிகை யூன் சியூ.