அட்டையில் இருந்த பெயர்
(இயந்திரம் தொட்ட கலை: 9)

2022 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலக் கண்காட்சியில், டிஜிட்டல் கலைப் பிரிவில் ஒரு படம் 300 டாலர் முதல் பரிசை வென்றது. தரை புரளும் பட்டாடைகளில் சிலர் நிற்கிறார்கள்; எதிரே பிரம்மாண்டமான வட்டச் சாளரம்; அதற்கப்பால் வெயில் கொட்டும் வேறோர் உலகம். போட்டிக்குக் கொடுக்கும்போதே 'ஜேசன் எம். ஆலன், மிட்ஜர்னி வழியாக' என்று எழுதிக் கொடுத்திருந்தார் ஆலன். மிட்ஜர்னி என்பது நாம் எழுதுவதைப் படமாக்கித் தரும் ஏ.ஐ. மென்பொருள் என்பது நடுவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் பரிசு கொடுத்திருப்போம் என்று பிறகு சொன்னார்கள். அதற்குள் ஓவியர்களின் கோபம் இணையமெங்கும் பரவிவிட்டது.

அடுத்த மாதமே இன்னொன்று. கிறிஸ் கஷ்டனோவா என்பவரின் 'ஸார்யா ஆஃப் தி டான்' என்ற படக்கதைக்கு அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் பதிவு கொடுத்தது. படங்கள் மிட்ஜர்னியில் உருவானவை என்று அவரே சமூக ஊடகத்தில் எழுதியதைப் பார்த்த பிறகுதான் அலுவலகம் விழித்துக்கொண்டு விளக்கம் கேட்டது. அட்டையிலேயே அவர் பெயரோடு மிட்ஜர்னி என்றும் இருக்கிறதே என்றது அவர் தரப்பு. அட்டையில் ஒரு சொல் இருப்பதாலேயே விஷயத்தை எங்களிடம் தெரிவித்ததாக ஆகாது என்றது அலுவலகம்.

அலுவலகம் சொன்னதுதான் சரி. கருவியின் பெயரைப் போடுவது வேறு, அது செய்த வேலையைச் சொல்வது வேறு. 2023 பிப்ரவரியில் வந்த முடிவு அந்த வேலையைப் பிரித்துக் காட்டியது: எழுத்து கஷ்டனோவாவுடையது, படங்களைத் தேர்ந்து பக்கங்களில் அடுக்கியதும் அவருடையது, படங்களுக்கு மட்டும் உரிமை கிடையாது. ஒரு படைப்பின் மேல் ஒட்ட இதைவிட நேர்மையான லேபிளை நான் பார்த்ததில்லை. வாசகர் எதற்கு யாரைப் பாராட்டுவது என்பது இதில் தெளிவாகிவிடுகிறது.

யாரிடம் சொல்கிறோம் என்பதும் முக்கியம். எழுத்து, படம், மொழிபெயர்ப்பு ஆகியவற்றில் எதையாவது ஏ.ஐ. உருவாக்கியதா என்று தன் தளத்தில் நூல் வெளியிடுபவர்களிடம் 2023 செப்டம்பரிலிருந்து கேட்கிறது அமேசான். பதில் அந்த நிறுவனத்தோடு நின்றுவிடுகிறது. காசு கொடுத்து வாங்குபவருக்குத் தெரிவதில்லை. வீடியோ கேம் விற்கும் ஸ்டீம் தளமோ 2024 ஜனவரியிலிருந்து, ஏ.ஐ. எங்கே பயன்பட்டது என்று தயாரிப்பாளர் எழுதித் தருவதை விற்பனைப் பக்கத்திலேயே காட்டுகிறது. ஸ்டீம் செய்வதைப் பதிப்பகங்களும் செய்யலாம்.

நம் ஊரிலும் 2024இல் கலையில் ஏ.ஐ. பயன்படுவது பேசப்பட்டது. 'லால் சலாம்' படத்தின் 'திமிறி எழுடா' பாட்டில், மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ. மூலம் மீண்டும் ஒலிக்கவைத்தார் ஏ.ஆர். ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதையும் உரிய சன்மானம் கொடுத்ததையும் அவரே அறிவித்தார். மரியாதையான செயல்.

இந்தத் தொழில்நுட்பத்தில் பரவலாக உள்ள ஒரு முறையில், முதலில் உயிரோடிருக்கும் ஒருவர் முழுப் பாட்டையும் பாடுகிறார். அதன்மேல் இன்னொருவரின் குரல் வளத்தை மென்பொருள் ஏற்றுகிறது. மூச்சு விடும் இடம், கமகம், சொல்லில் கொடுக்கும் அழுத்தம் எல்லாம் பாடியவருடையவை. அப்படி உருவாகும் பாட்டில் அவர் பெயர் விடுபட்டால் அது அநியாயம். 'பாடியவர் இன்னார், குடும்பத்தார் ஒப்புதலுடன் இன்னாரின் குரலுக்கு ஏ.ஐ. மூலம் மாற்றப்பட்டது' என்று எழுத இரண்டு வரி போதும். டைட்டில் கார்டில் அதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.