முள் தேயட்டும்

மும்பை சோர் பஜாரின் மட்டன் தெருவில் காலையில் நுழைந்தால் மதியச் சாப்பாடு மறந்துபோகும். பழைய சினிமா போஸ்டர், சுவர்க் கடிகாரம், பித்தளை விளக்கு என்று கடைக்குக் கடை நின்றுவிடுவோம். சென்னையில் இந்தச் சுகம் மூர் மார்க்கெட்டில் கிடைத்தது. 1985இல் அது தீக்கிரையானதும் வியாபாரம் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனது. எந்த ஊர்ச் சந்தையானாலும் சரி, ஓரமாக அடுக்கிவைத்த கறுப்பு இசைத்தட்டுகளின் பக்கம் கொஞ்சம் உட்காருவோம்.

ஒன்றைக் கையில் எடுங்கள். நடுவிலுள்ள சீட்டில் 78 என்று இருக்கிறதா? நிமிடத்துக்கு 78 சுற்று என்று பொருள். பத்து அங்குலத் தட்டென்றால் ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடப் பாட்டுதான் அடங்கும். கச்சேரியில் ஒரே ராகத்தை வெகுநேரம் விரித்துப் பாடிய வித்வான்களும் இந்த மூன்று நிமிடத்துக்குள் நின்று பாடியிருக்கிறார்கள். அதைக் கேட்பதற்காகவே இவற்றை வாங்கலாம்.

தட்டு கனக்கிறது அல்லவா? இது பிளாஸ்டிக் இல்லை. வினைல் என்ற பிளாஸ்டிக்கில் செய்த எல்பி தட்டு 1948இல்தான் வந்தது. அதற்கு முந்தையவை அரக்குத் தட்டுகள். மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கிறதே, அதே அரக்குதான். வெளிநாட்டு இசைத்தட்டு ஆலைகளுக்கும் அது பெருமளவில் இந்தியாவிலிருந்தே போனது. அரக்கோடு கல்மாவும் புகைக்கரியும் சேர்த்து அழுத்தினார்கள். சொல்லப்போனால் அரக்கைவிடக் கல்மாவுதான் அதிகம்.

எல்லோரும் தடுமாறும் இடம் இந்தக் கல்மாவுதான். தட்டின் மேல் ஓடும் கிராமபோனின் எஃகு முள் கெட்டி, தட்டு மென்மை, ஆகவே ஓட ஓட முள் தட்டைத் தேய்க்கிறது என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. தட்டுதான் முள்ளைத் தேய்க்கிறது. வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். புதுச் செருப்பு நடக்க நடக்கக் காலுக்குப் படிவதுபோல, புது முள் முதல் சில சுற்றுகளிலேயே தேய்ந்து, பாட்டு பதிந்திருக்கும் பள்ளத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். அதன்பின் சீராக உட்கார்ந்து ஓடும்.

ஆனால் தேய்மானம் அதோடு நிற்பதில்லை. ஒரு பக்கம் முடிவதற்குள் முனை தட்டையாகி, ஓரங்கள் உளி போலக் கூர்மையாகிவிடும். அதே முள்ளை மறுபடி வைத்தால் அந்த ஓரம் பள்ளத்தின் சுவரைச் செதுக்கும். ஒரு பக்கத்துக்கு ஒரு முள் என்று விதித்தது அதனால்தான். இந்தக் கடைகளில் கிடக்கும் சின்னத் தகர டப்பாக்களில் முட்களை நூற்றுக்கணக்கில் அடைத்து விற்றதும் அதனால்தான். முள்ளை மிச்சம் பிடித்த வீடுகளில் தட்டு பாழானது.

அந்தத் தடயத்தை நாமே பார்க்கலாம். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கறுப்பாகப் பளபளத்தால் நல்லது. சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாக வெளிறியிருந்தால், பாடகர் குரலெடுத்துப் பாடிய இடங்களெல்லாம் அரைபட்டுப் போயிருக்கின்றன. எவ்வளவு அரிய பாட்டானாலும் அங்கே இரைச்சல்தான் கேட்கும். விளிம்பில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் விரலால் தடவிப் பாருங்கள்.

வாங்கி வந்த தட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது. தச்சர்கள் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் மரத்துக்குப் பாலிஷ் போடுகிறார்கள். தட்டும் அப்படியே கரையும். நடுச்சீட்டு நனையாமல் ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுத்தால் போதும். கடைக்காரர் பாடவைத்துக் காட்டுகிறேன் என்றால், புது முள் போடச் சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள்.