இறங்கிய பின் ஏறும் சாலை

ஸ்பெயின் நாட்டு மயோர்கா தீவில் த்ரமுந்தானா மலைத்தொடர் கடலோரமாகவே நிமிர்ந்து நிற்கிறது. ஒலிவத் தோப்புகளிடையே மிதிவண்டியில் உலாவருவோர் பெரிதும் நாடுவது ஸா கலோப்ரா சாலையை. பொறியாளர் அந்தோனியோ பரியெத்தி வகுத்த இச்சாலை 1932-இல் உருவாயிற்று. சரிவைத் தணிக்க, ஓரிடத்தில் கழுத்துப்பட்டை முடிச்சைப்போல் சாலையை வளைத்து, அதன் அடியிலேயே நுழைய விட்டார்!

மலையேற்றமென்றால் முதலில் வருந்திப் பின்னர் இளைப்பாறுவோம். இங்கோ முறை தலைகீழ். 682 மீட்டர் உயரக் கணவாயினின்று கடல்மட்டம்வரை சுகமாக இறங்கலாம். திரும்புவதற்கு, படகைத் தவிர்த்தால், அதே சாலைதான், ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர் மிதித்தே ஏறவேண்டும். எனவே இறங்குமுன் எஞ்சிய நீரையும் வலிமையையும் எண்ணிப் பார்த்தல் நன்று. சுற்றுலாப் பேருந்துகள் வளைவுகளை அடைக்குமுன், காலையிலேயே புறப்படுவதும் அறிவுடைமை என்போம்.

களைத்தோருக்கு அதே மலையில் லியூக் மாதா திருத்தலம் உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய அம்மடம், கருநிற அன்னையை நாடி வரும் யாத்ரீகருக்கு இன்றும் தங்க அறை தருகிறது, மிதிவண்டியில் வருவோருக்குந்தான்.