‘எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்பதன் விலை

திற்பரப்பு அருவிக்குக் குளிக்க வருகிறவர்கள் கோதையாற்றைப் பார்ப்பார்கள், மகாதேவர் கோயிலைப் பார்ப்பார்கள். சாலையோரத்து ரப்பர் தோட்டங்களின் வரவு செலவு அவர்கள் கண்ணில் படாது. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியும் முன்பே வெட்டு தொடங்கிவிடும். பட்டையில் சாய்வாக இறங்கும் கீறல் வழியே பால் வழிந்து சிரட்டையில் சேரும். மழை பெய்தால் வெட்டு இல்லை. இலை உதிரும் காலத்திலும் இல்லை. குமரி மாவட்டத்துக்கோ தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. கூலி வராத அந்த நாட்களைத் தாண்டுவதுதான் இங்குள்ள தொழிலாளர் குடும்பங்களின் பெரிய நிதி நிர்வாகம். ரப்பர் தோட்டத்துக்கும், அண்டி ஆபீஸ் என்று இங்கே சொல்லும் முந்திரி ஆலைக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் சீட்டு போட்டும் நகையை அடகு வைத்தும் குழுக் கடன் வாங்கியும் அதைச் செய்கிறார்கள்.

அந்தச் சீட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். 20 பேர், மாதம் 1,000 ரூபாய். ஐந்தாம் மாத ஏலத்தில் ஒரு பெண் 4,000 ரூபாய் தள்ளி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் வருவது 16,000. தள்ளிய தொகையில் சீட்டு நடத்துபவருக்கு 1,000 போக மீதி 3,000 இருபது பேருக்கும் பிரிந்தால் ஆளுக்கு 150. ஆகவே அந்த மாதம் கட்ட வேண்டியது 850. அவருக்கு இன்னும் 15 தவணை பாக்கி. இந்த 16,000-ஐ நகைக்கடனாக வாங்கியிருந்தால் வட்டி குறைந்திருக்குமா, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஏழாம் மாதம் வரை பொறுக்குமா என்பதையெல்லாம் மனதிலேயே போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் ஏலத்தில் வாய் திறந்திருப்பார். இன்றைய ரூபாயும் நாளைய ரூபாயும் ஒன்றல்ல என்ற நிதியியலின் முதல் பாடம் இதற்குள் முழுதாக இருக்கிறது.

அதே பெண்ணிடம் வைப்புநிதி, காப்பீடு, பங்கு என்று பேச்செடுத்தால் கிடைக்கக்கூடிய பதில்: “அதொண்ணும் எனக்குத் தெரியாது மக்களே, அதெல்லாம் அவருதான் பாக்காரு.”

இந்தப் பதில் திற்பரப்புக்கு மட்டும் உரியதல்ல. 100 ரூபாயை 2 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டு போட்டு வைத்தால் 102-க்கு மேல் இருக்குமா, சரியாக 102-ஆ, குறைவா? நிதி அறிவை அளக்க அன்னமரியா லுசார்டி, ஒலிவியா மிட்செல் என்ற பொருளியலாளர்கள் வகுத்த மூன்று கேள்விகளில் ஒன்று இது. பல நாடுகளில் இவற்றைக் கேட்டபோது ‘தெரியாது’ என்ற விடையை ஆண்களைவிடப் பெண்களே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். லுசார்டியும் வேறு மூவரும் நெதர்லாந்தில் இதை இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார்கள். முதல் தடவை ‘தெரியாது’ என்ற விடையும் பட்டியலில் இருந்தது. சில வாரங்கள் கழித்து அதே ஆட்களிடம் அந்த விடையை நீக்கிவிட்டுக் கேட்டார்கள். முன்பு ‘தெரியாது’ என்ற பெண்களில் பலர் இப்போது சரியாகச் சொன்னார்கள். ஆண் பெண் இடையே காணப்பட்ட நிதி அறிவு இடைவெளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அறிவில் இருந்த குறையல்ல, தன்னம்பிக்கையில் இருந்த குறை. பங்குச் சந்தைக்குள் பெண்கள் குறைவாக நுழைவதிலும் அந்தத் தயக்கத்துக்குப் பங்கு இருந்தது.

ஆண்களின் துணிச்சலும் இலவசமல்ல. 1991 முதல் 1997 வரை அமெரிக்காவில் 35,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களின் பங்கு வர்த்தகக் கணக்குகளைப் பார்பர், ஓடியன் என்ற இருவர் ஆராய்ந்தார்கள். ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்றார்கள். அந்த ஓயாத வர்த்தகம் அவர்களுடைய ஆதாயத்தைத்தான் பெண்களைவிடக் கூடுதலாகத் தின்றது.

பெண்ணுக்கு இந்தத் தயக்கம் எங்கிருந்து வந்தது? பிறவிக் குணம் என்று சொல்பவர்களுக்குக் குமரி மாவட்டத்தின் சட்ட வரலாற்றையே காட்டலாம். 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை இது திருவிதாங்கூரின் மண். 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால் மகளுக்கு மகன் பங்கில் கால்பாகம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே மகளுக்குச் சம பங்கு உறுதியானது. இந்து மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை தமிழ்நாட்டில் வந்தது 1989-இல். இன்று பேத்தி எடுத்திருக்கும் பெண்கள் ‘சொத்து விஷயம் உனக்கு வேண்டாம்’ என்று சட்டமே சொன்ன காலத்தில் வளர்ந்தவர்கள்.

மாவட்டத்தின் கிழக்கே, நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள் வழி இருந்ததே என்று கேட்கலாம். சொத்து பெண்வழியாக இறங்கியது உண்மை. ஆனால் நிர்வாகம் குடும்பத்தின் மூத்த ஆணான காரணவர் கையில். மனைவியும் மக்களும் பட்ட பாட்டைத்தான் கவிமணி மருமக்கள் வழி மான்மியத்தில் பாடினார். 1926-இல் வந்த சட்டம் அந்த முறையை மாற்றியது. பெண்வழி என்ற பெயர் மட்டும் பெண் கையில் பணத்தைத் தந்துவிடாது. ஆனால் மேகாலயத்தின் காசி மக்களிடம் சொத்து இளைய மகளுக்குப் போகிறது; குடும்பத்தில் பெண் சொல்லுக்கு எடையும் உண்டு. அங்கேயும் தான்சானியாவின் ஆணாதிக்க மசாய் மக்களிடமும் ஒரே சோதனை நடத்தப்பட்டது. வாளியில் பந்து எறிய வேண்டும். விழும் ஒவ்வொரு பந்துக்கும் நிலையான தொகை பெறலாம், அல்லது இன்னொருவரோடு போட்டியிட்டு வென்றால் மும்மடங்கு பெறலாம். போட்டியைத் தேர்ந்த மசாய் ஆண்கள் 50 சதவீதம், பெண்கள் 26 சதவீதம். காசி மக்களில் பெண்கள் 54 சதவீதம், ஆண்கள் 39.

தயக்கம் வளர்ப்பில் வந்தது என்றால் மாற்றவும் முடியும். அறிவுரைக் கூட்டங்கள் மட்டும் அதைச் சாதிக்கும் என்று நான் நம்பவில்லை. மத்தியப் பிரதேசத்தில் நூறு நாள் வேலைக் கூலி வழக்கமாகக் குடும்பத் தலைவரின் கணக்கில் விழுந்துகொண்டிருந்தது. ரோகினி பாண்டே உள்ளிட்ட ஆய்வாளர்கள் சில பெண்களுக்குத் தனிக் கணக்கு திறந்து, பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்து, கூலி நேராக அதில் சேர ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பெண்கள் முன்னைவிட அதிகமாக வேலைக்குப் போனார்கள், தனியார் வேலைக்கும்கூட. பெண் வேலைக்குப் போவது பற்றிய பழைய எண்ணமும் தளர்ந்தது. கணக்குப் புத்தகம் முதலில் வந்தது, நம்பிக்கை அதன் பின்னால் வந்தது.

ஆனால் பெண் பெயரில் பணம் வந்தால் மட்டும் போதாது. இலங்கையில் சிறு தொழில் நடத்துவோருக்கு 10,000, 20,000 ரூபாய் மானியம் கொடுத்துப் பார்த்தபோது ஆண்களின் லாபம் கூடியது, பெண்களுடையது கூடவில்லை. பெண்ணுக்கு வியாபாரம் வராது என்று முடிவு கட்டத் தோன்றும். பின்னர் இலங்கை, இந்தியா, கானா மூன்றின் தரவுகளையும் குடும்ப அளவில் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. மனைவி பெயரில் வந்த முதல் பெரும்பாலும் கணவன் தொழிலுக்குப் போயிருந்தது. குழுக் கடன் வாங்கும் எந்த ஊருக்கும் இது பொருந்தும்: கையெழுத்து யாருடையது என்பதோடு, பணம் எந்தத் தொழிலில் இறங்கியது என்றும் கேட்க வேண்டும்.

அகமதாபாத்தின் சேவா வங்கியில் நடந்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. வாடிக்கையாளர் பெண்களுக்கு இரண்டே நாள் தொழில் பயிற்சி. சிலரைத் தனியாக அழைத்தார்கள், சிலரைத் தோழியோடு. பாடம் ஒன்றுதான். தோழியோடு வந்தவர்களே பிறகு தொழிலுக்காகக் கடன் வாங்கினார்கள், அவர்கள் குடும்ப வருமானமும் கூடியது. 1989-இல் தருமபுரியில் தொடங்கித் தமிழகமெங்கும் பரவிய மகளிர் குழுக்களுக்குள் இந்தத் தோழமை ஏற்கெனவே இருக்கிறது. வாரக் கூட்டத்தில் தவணை வசூலித்ததும் கலையாமல், அரை மணி நேரம் வைப்புநிதியையும் காப்பீட்டையும் சீட்டுக் கணக்கு போடுவதுபோலப் போட்டுப் பார்த்தால் போதும்.

இன்னொன்றையும் அந்தக் கூட்டத்தில் பேசலாம். 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரையுள்ள வீடு, மனை, விளைநிலத்தைப் பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைகிறது. அடுத்து வாங்கப்போகும் நாலு சென்ட் யார் பெயரில் என்ற பேச்சை வீட்டில் எடுக்க அதுவே நல்ல சாக்கு.