குழந்தைகளில் விழுங்கல் இடர்ப்பாடு

குழந்தைகளில் விழுங்கல் இடர்ப்பாடு என்பது பாலையோ உணவையோ வாயில் வாங்கி, மூச்சுக்குழலுக்குள் போகாமல் இரைப்பைக்கு அனுப்பும் செயலில் ஏற்படும் தடங்கல் ஆகும். மருத்துவத்தில் இது டிஸ்பேஜியா எனப்படுகிறது. வாயைத் திறக்க மறுத்தல், துப்புதல், உணவை நெடுநேரம் கன்னத்தில் அடக்கி வைத்தல் ஆகியவற்றுக்கும் இது காரணமாக இருக்கலாம். இத்தகைய குழந்தைகள் பல வீடுகளில் அடம் பிடிப்பதாகவே கருதப்படுகின்றனர். வற்புறுத்தி ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் சென்று நிமோனியா உண்டாகக்கூடும். ஆகவே அடத்தையும் இடர்ப்பாட்டையும் பிரித்தறிவது அவசியமாகிறது.

விழுங்குதல் நிகழும் விதம்

தொண்டை காற்றுக்கும் உணவுக்கும் பொதுவான பாதை. அதன் கீழே முன்புறம் குரல்வளையும் மூச்சுக்குழலும், பின்புறம் உணவுக்குழலும் அமைந்துள்ளன. விழுங்கும்போது மூச்சு ஒரு கணம் நிற்கிறது. மெல்லண்ணம் உயர்ந்து மூக்கின் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலெழும்ப, குரல்வளை மூடி அதன் வாயிலை மறைக்கிறது. குரல் நாண்கள் நெருங்கி மூடுகின்றன. உணவுக்குழலின் மேல்முனை திறக்கிறது. தொண்டையில் நடக்கும் இவ்வளவும் ஏறக்குறைய 1 வினாடியில் முடிந்துவிடும். 12 இணைக் கபால நரம்புகளுள் 5, 7, 9, 10, 12ஆம் இணைகள் இச்செயலில் பங்கேற்கின்றன.

கருவிலேயே குழந்தை பனிக்குட நீரை விழுங்கத் தொடங்கிவிடுகிறது. ஆனால் உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றும் இசைந்து நடக்கும் திறன் கருக்காலத்தின் 34ஆவது வார அளவில்தான் கைகூடுகிறது. பிறந்த குழந்தை வாயில் வைக்கப்படும் பொருளை நாக்கால் வெளியே தள்ளும். இந்த அனிச்சைச் செயல் பொதுவாக 4 முதல் 6 மாதங்களுக்குள் மறைகிறது. 6 மாதம் நிறைந்த பின் இணை உணவு தொடங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காரணங்கள்

* குறைமாதப் பிறப்பு: உறிஞ்சி விழுங்கும் இசைவு முதிராமலே குழந்தை பிறந்துவிடுகிறது.
* உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு: அண்ணம் பிளவுபட்டிருந்தால் வாய்க்குள் உறிஞ்சும் அழுத்தம் உருவாவதில்லை, பால் மூக்கு வழியாக வெளியேறும்.
* மூளை, நரம்பு, தசைக் கோளாறுகள்: பெருமூளை வாதத்தில் நாக்கு, தாடை, கழுத்து ஆகியவற்றின் கட்டுப்பாடு குறைகிறது. டவுன் நோய்க்குறித்தொகுப்பு உள்ள குழந்தைகளுக்குத் தசை தளர்ந்திருக்கும்.
* பிறவி இதய நோய், நுரையீரல் நோய்: மூச்சு வேகமாக இருப்பதால் விழுங்குவதற்கு இடைவெளி கிடைப்பதில்லை; குழந்தை விரைவில் களைத்துவிடும்.
* எதுக்களிப்பு நோய்: இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழலைப் புண்ணாக்குவதால் உண்பது வலியோடு இணைந்துவிடுகிறது.

அறிகுறிகள்

* ஒவ்வொரு வேளையும் ஊட்டி முடிக்க 30 நிமிடங்களுக்கு மேல் ஆதல்
* பால் குடிக்கும்போது இருமல், அடிக்கடி புரையேறுதல், உதடு நீலமாதல்
* குடித்த பின் குரல் ஈரமாக, களகளவென்று ஒலித்தல்
* பால் குடிக்கும்போது வியர்த்தல், மூச்சு வாங்குதல்
* திரும்பத் திரும்பச் சளிக் காய்ச்சல் அல்லது நிமோனியா வருதல்
* எடை கூடாமை

உணவோ நீரோ மூச்சுக்குழலுக்குள் நுழைவதையே புரையேறுதல் என்கிறோம். அதை வெளியேற்றவே இருமல் வருகிறது. நரம்புக் கோளாறு உள்ள சில குழந்தைகளுக்குப் புரையேறினாலும் இருமல் வருவதில்லை. ஆகவே இருமல் இல்லை என்பதை மட்டும் வைத்து, குழந்தை சரியாக விழுங்குகிறது என்று முடிவு செய்ய இயலாது.

அடமும் இடர்ப்பாடும்

பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை ஓராண்டில் ஏறத்தாழ 9 கிலோ ஆகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது 2 முதல் 2.5 கிலோ மட்டுமே. வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. இவ்வயதில் உணவை மறுத்தாலும், ஓடியாடி, எடை சீராகக் கூடி, இருமலின்றி உண்ணும் குழந்தைக்கு நோய் இருப்பது அரிது. மேற்கண்ட அறிகுறிகளும் சேர்ந்திருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பலமுறை புரையேறித் திணறிய குழந்தை, கிண்ணத்தைக் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது அச்சத்தின் வெளிப்பாடு. மிரட்டி ஊட்டுவது அந்த அச்சத்தை வளர்க்கும்.

கண்டறிதல்

குழந்தை நல மருத்துவரும் பேச்சு மொழி வல்லுநரும் குழந்தை உண்பதை நேரில் கவனிப்பது முதற்படி. தேவைப்பட்டால் பேரியம் கலந்த உணவை விழுங்கச் செய்து, அது செல்லும் வழியை எக்ஸ்ரே காணொளியாகப் பதிவு செய்வர். மூக்கு வழியே மெல்லிய உள்நோக்குக் கருவியைச் செலுத்திப் பார்ப்பதும் உண்டு. இந்திய அரசு 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தின்கீழ், பிறப்பு முதல் 18 வயது வரையிலான குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டு, தேவைப்படுவோர் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர்.

உணவூட்டும் முறைகள்

இந்தியாவின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில், 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குப் பெரும்பாலும் குழாய் வழியே தாய்ப்பால் இரைப்பைக்குள் செலுத்தப்படுகிறது. 32 முதல் 34 வாரக் குழந்தைகளுக்குப் பாலாடை பயன்படுகிறது. தமிழ் வீடுகளில் சங்கு என்றும் வழங்கும் இச்சிறு கிண்ணத்துக்கு ஒரு பக்கம் குறுகிய மூக்கு உண்டு. அண்ணப் பிளவுள்ள குழந்தைகளுக்கும் இது உதவுகிறது. குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்து, பாலாடையை உதட்டோரம் வைத்து, ஒரு மடக்கை விழுங்கிய பிறகே அடுத்ததை விட வேண்டும். உதட்டுப் பிளவு பொதுவாக 3 முதல் 6 மாதங்களிலும், அண்ணப் பிளவு 9 முதல் 18 மாதங்களிலும் அறுவை மூலம் சரிசெய்யப்படுகின்றன.

பெருமூளை வாதம் உள்ள குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாமல் தாங்கி, எதிரே அமர்ந்து ஊட்ட வேண்டும். நீர் போன்றவை வேகமாகத் தொண்டைக்குள் பாய்வதால், சில குழந்தைகளுக்குச் சற்றுக் கெட்டியான கூழ் எளிதாக இருக்கும். எந்த அளவு கெட்டி என்பதை வல்லுநரே முடிவு செய்ய வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

* நீட்டிய கால்களில் மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்துப் புகட்டுதல். மூச்சுக்குத் தவிக்கும் குழந்தை வாய் வழியே காற்றை இழுக்கும்போது பாலும் உள்ளே போகும்.
* மூக்கில் எண்ணெய் விடுதல், விளக்கெண்ணெய் புகட்டுதல். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலை அடைந்து ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும்.
* அழும்போதும் தூக்கக் கலக்கத்திலும் ஊட்டுதல்.
* 1 வயதுக்கு முன் தேன் கொடுத்தல். இதனால் பாட்டுலிசம் என்னும் நரம்பைத் தாக்கும் நோய் வரக்கூடும். அந்நோய் விழுங்கும் தசைகளையே செயலிழக்கச் செய்யும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுள் பலருக்கு வளர வளர இந்த இடர்ப்பாடு நீங்கிவிடுகிறது. நரம்புக் கோளாறு உள்ளவர்களுக்கு நெடுங்காலப் பயிற்சி தேவைப்படும். வாயால் போதிய உணவு செல்லாதபோது, இரைப்பையில் நேராகக் குழாய் பொருத்தப்படுவதும் உண்டு. அப்போதும் பாதுகாப்பான அளவில் வாயால் சுவைக்கப் பழக்குவது, பின்னர் உண்ணும் திறனை மீட்க உதவும்.