முப்பதுக்கு எத்தனை?

பொலோன்யா நாட்கள் – 9

தங்கும் அனுமதிக்காகத் தபால் அலுவலக வரிசையில் நின்ற கதையைப் போன வாரம் பாதியில் விட்டிருந்தேன். அந்த அட்டை கைக்கு வருவதற்குள் பரீட்சையே வந்துவிட்டது. இத்தாலியில் எது முதலில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே நானும் பரீட்சைக்குத் தாவுகிறேன்.

பொலோன்யா பல்கலைக்கழகத்தில் முதல் செமஸ்டர் வகுப்புகள் செப்டம்பர் நடுவில் தொடங்கி கிறிஸ்துமஸுக்கு முன்பே முடிந்துவிடும். ஜனவரியும் பிப்ரவரியும் தேர்வு மாதங்கள். ஒரு பாடத்துக்கு ஒரே தேதி என்பது கிடையாது. பேராசிரியர் இரண்டு மூன்று தேதிகளை அறிவிப்பார், நமக்குத் தோதான தேதியில் இணையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளலாம். படித்து முடிக்கவில்லையா, பெயரை எடுத்துவிட்டு அடுத்த தேதிக்குப் போய்விடலாம். ஹால் டிக்கெட் இல்லை, பறக்கும் படை இல்லை, அடிஷனல் ஷீட் கட்ட நூல் இல்லை. எழுதினால்தானே அதெல்லாம் வேண்டும்? பெரும்பாலான பாடங்களுக்கு, முக்கியமாக வரலாறு, தத்துவம், இலக்கியம் போன்றவற்றுக்கு, வாய்மொழித் தேர்வுதான். பேராசிரியருக்கு எதிரே உட்கார்ந்து பேச வேண்டும்.

நம் ஊரிலும் வைவா உண்டே என்பீர்கள். நம் வைவா செய்முறைத் தேர்வின் வால். இங்கே அதுதான் முழு மாடு. கூடவே, கதவு திறந்திருக்கும். தேர்வு பொதுவில் நடக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். யார் வேண்டுமானாலும் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். அடுத்த தேதிக்குப் பதிந்திருப்பவர்கள் நோட்டும் பேனாவுமாக வந்து, விழுகிற கேள்விகளையெல்லாம் குறித்துக்கொண்டு மாலைக்குள் வாட்ஸ்அப் குழுவில் ஏற்றிவிடுவார்கள். பேராசிரியருக்கும் அது தெரியும். தெரிந்துதான் கேட்கிறார்.

மதிப்பெண் முப்பதுக்கு. பதினெட்டு எடுத்தால் பாஸ். முப்பதும் போதாது என்று பேராசிரியர் நினைத்தால் மேலே ஒரு ‘லோதே’ சேர்த்துக் கொடுப்பார், அதாவது பாராட்டு. மார்க்கை உடனே, முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டு, “ஏற்றுக்கொள்கிறீர்களா?” என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்டு நான் முழித்தது எனக்கே தெரிந்தது. வேண்டாம் என்று சொல்லலாமாம். சொன்னால் அந்த மார்க் எங்கேயும் ஏறாது. இன்னொரு தேதியில் வந்து மறுபடி எழுதலாம், மன்னிக்கவும், மறுபடி பேசலாம்.

இதற்கு மத்திய கால வம்சாவளி ஒன்று இருக்கும் என்று நம்ப ஆசையாக இருந்தது. நான் எடுத்திருந்த பாடமும் அதுதான், மத்திய கால வரலாறு. ஆனால் வரலாறு நம் ஆசைக்கு வளைவதில்லை.

பல்கலைக்கழகம் பிறந்த ஆண்டு 1088 என்று பனியனிலும் காபிக் கோப்பையிலும் அச்சடித்து விற்கிறார்கள். அது, எண்ணூறாவது ஆண்டு விழாவை 1888இல் கொண்டாடுவதற்காக, கவிஞர் கார்துச்சி தலைமையில் ஒரு குழு கூடிக் குறித்த பிறந்த தேதி. உண்மையில் யாரும் அடிக்கல் நாட்டவில்லை. ரோமானியச் சட்டம் சொல்லித்தர ஆசிரியர்கள் இருந்தார்கள், கேட்பதற்கு ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். சிக்கல் வந்தவர்களுக்குத்தான். வெளியூர்க்காரனுக்கு நகரச் சட்டம் துணை நிற்காது. ஒரு ஜெர்மானியன் கடனைக் கட்டாமல் ஓடிவிட்டால், அவன் ஊரிலிருந்து வந்த இன்னொரு மாணவனிடம் கடன் கொடுத்தவன் பிடுங்கிக்கொள்ளலாம். பேரரசர் பிரெடரிக் பார்பரோசா 1155இல் இந்தப் பக்கம் வந்தபோது இதை அவரிடம் முறையிட்டிருக்கிறார்கள். ‘அவுதெந்திகா ஹாபிதா’ என்ற ஆணை பிறந்தது அப்படித்தான். படிக்க வருகிறவர்கள் பயமின்றிப் போய்வரலாம், அடுத்தவன் கடனுக்கு அவர்களைப் பிடிக்கக் கூடாது, வழக்கென்று வந்தால் தன் ஆசிரியரா, அந்த ஊர் பிஷப்பா, யார் விசாரிப்பது என்பதை மாணவனே தீர்மானிக்கலாம். தபால் அலுவலக வரிசையில் மாட்டிக்கொண்ட எனக்கு இந்த ஆணையின் மேல் தனிப் பாசமே வந்துவிட்டது.

அடுத்த கட்டம் இன்னும் ருசியானது. வெளியூர் மாணவர்கள் சங்கம் கட்டினார்கள். இத்தாலிக்குள்ளிருந்து வந்தவர்களுக்கு ஒன்று, ஆல்ப்ஸுக்கு அப்பாலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று. தலைவரான ரெக்டரையும் மாணவர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆசிரியர் அந்த ரெக்டருக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்ய வேண்டும். 14ஆம் நூற்றாண்டு விதிகளைப் படித்தால் சிரிப்பை அடக்க முடியாது. வகுப்புக்குத் தாமதமாக வந்தால் ஆசிரியருக்கு அபராதம். நேரம் முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தால் அபராதம். கஷ்டமான பகுதியை நைசாகத் தாண்டினால் அபராதம். கேட்க ஐந்து பேர்கூட வரவில்லை என்றால், அவர் விடுப்பு எடுத்ததாகக் கணக்கு வைத்து அதற்கும் அபராதம். ஊரை விட்டுப் போக மாணவர்களிடம் அனுமதி கேட்க வேண்டும். வகுப்பில் இந்தப் பட்டியல் ஓடியபோது என் மனத்தில் ஓடிய பழைய ஆசிரியர்களின் பெயர்களை இங்கே அச்சேற்ற முடியாது.

ஒன்றை மட்டும் மாணவர்களால் தொட முடியவில்லை. அதுதான் பரீட்சை. யார் தேறினார், யாருக்குப் பட்டம் என்பதை முடிவுசெய்யும் உரிமையை டாக்டர்கள், அதாவது ஆசிரியர்கள், தங்கள் சங்கத்துக்குள் பூட்டி வைத்துக்கொண்டார்கள். 1219இல் போப் மூன்றாம் ஹொனோரியஸ், பொலோன்யாவின் தேவாலய அதிகாரியான ஆர்ச்டீக்கனின் அனுமதி இல்லாமல் பட்டம் இல்லை என்றும் சொல்லிவிட்டார். பிறகு ஆசிரியர்களுக்கு நகராட்சியே சம்பளம் கொடுக்க ஆரம்பித்தது. சம்பளம் கொடுக்கிறவர் பக்கம் அதிகாரம் சாய்வது எந்த ஊரில்தான் இல்லை?

1563இல் கட்டி முடித்த ஆர்கிஜின்னாசியோ மாளிகைக்குப் போனால் இந்த மாற்றம் கண்ணுக்கே தெரியும். அதுவரை ஆசிரியர் வீட்டிலும் மடங்களிலும் சிதறிக் கிடந்த வகுப்புகளை, போப்பின் ஆட்சி ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. ஒரே கூரை என்றால் கண்காணிக்க வசதி. சுவர், கூரை, படிக்கட்டு என்று ஓர் இடம் விடாமல் மாணவர்களின் குலச் சின்னங்கள், சுமார் 6,000. ஆசிரியருக்கு அபராதம் போட்டவர்களின் வாரிசுகளுக்குக் கடைசியில் மிஞ்சியது சுவரில் ஒரு கேடயம்.

அந்த மாளிகையின் மாடியில்தான் புகழ்பெற்ற உடற்கூறியல் அரங்கு. நடுவில் வெள்ளைப் பளிங்கு மேஜை, சுற்றிலும் மரப் படிவரிசைகள். ஆசிரியரின் இருக்கைக்கு மேலே இருக்கும் மரப் பந்தலை, தோல் உரிக்கப்பட்ட இரண்டு மனிதச் சிலைகள் தாங்கி நிற்கின்றன. எர்கோலே லெல்லி வரைந்து கொடுத்த வடிவத்தை வைத்து மரத்தில் ஒவ்வொரு தசைநாரையும் செதுக்கியிருக்கிறார்கள். 1944 ஜனவரி 29 அன்று நேசநாட்டு விமானங்கள் போட்ட குண்டில் அரங்கு நொறுங்கியது. இடிபாடுகளில் கிடைத்த மரத்துண்டுகளைப் பொறுக்கி எடுத்துத்தான் திரும்பக் கட்டினார்கள். பழைய நாட்களில் கார்னிவல் சமயத்தில் இங்கே பிணத்தை அறுத்துப் பாடம் நடக்கும்போது ஊர்ச் சனம் முகமூடியோடு வந்து பார்க்குமாம். அறுக்கப்படுவதை வேடிக்கை பார்க்கும் வழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல என்ற தெம்போடு என் தேர்வுக்குப் போனேன்.

காலை ஒன்பது மணிக்கு என்று போட்டிருந்தது. அங்கே எதுவுமே கால் மணி தாமதமாகத் தொடங்குவதுதான் முறை. அந்தக் கால் மணியைப் பல்கலைக்கழக மரபு என்றே பெருமையாகச் சொல்வார்கள். தாழ்வாரத்தில் காபி எந்திரத்தின் முன் கூட்டம். மஞ்சள், ரோஜா நிற மார்க்கர் அப்பிய ஜெராக்ஸ் கட்டுகளைப் புரட்டிக்கொண்டே குடிக்கிறார்கள். எனக்கு முன்னால் என் அறைத்தோழி. தெற்கே லெச்சேயிலிருந்து வந்தவள். பொலோன்யாவில் பாதி மாணவர்கள் அவளைப் போல வெளியூர்தான். அம்மாக்கள் பஸ்ஸில் போட்டுவிடும் ஆலிவ் எண்ணெயிலும் தக்காளி பாட்டில்களிலும்தான் பலருக்கு மாதக் கடைசி ஓடுகிறது.

அவளிடம் பேராசிரியர் வழக்கமான கேள்வியோடு தொடங்கினார். “உங்களுக்குப் பிடித்த தலைப்பு ஒன்றைச் சொல்லுங்கள்.” அது கருணை மாதிரித் தோன்றும், ஆனால் தூண்டில். நாம் சொன்ன தலைப்பிலிருந்து ஒரு சொல்லைக் கிள்ளி எடுத்து, நாம் புரட்டாத பக்கத்துக்கு இழுத்துப் போய்விடுவார். அவளை நகரக் குழுமங்களிலிருந்து தொடங்கி, பட்டு ஆலைகளின் நீர்ச்சக்கரம் வரை இழுத்துப் போனார். பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, “இருபத்துநான்கு. ஏற்றுக்கொள்கிறீர்களா?” என்றார். கண் இமைக்காமல், “இல்லை, நன்றி” என்றாள். காய்கறிக்காரரிடம் விலை படியாதபோது சொல்கிற அதே குரல். கோபம் யாருக்கும் இல்லை. பேராசிரியர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். என் பெயர்தான், நான்கு இடத்தில் சறுக்கி வந்து சேர்ந்தது.

நான் பார்பரோசாவின் ஆணையைப் பிடித்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் பேச அனுமதித்திருந்தார். ஆணையின் ஷரத்துகளைச் சொல்லி முடித்ததும், “1158இல் அதை முறைப்படி வெளியிட்டார்களே, எந்த ஊரில்?” என்றார். ரொன்காலியா என்றேன். “அது எங்கே இருக்கிறது?” “பியாச்சென்சா பக்கத்தில்.” “அங்கே பேரரசர் வேறு என்ன கேட்டார்?” வரி வசூலும் நீதிபதிகளை நியமிக்கும் உரிமையும் தனக்கே என்று வட இத்தாலிய நகரங்களிடம் அவர் கேட்டதைச் சொன்னேன். “அப்படியானால் மாணவர்களுக்குக் காட்டிய பரிவு, பரிவுதானா?” என்றாரே பார்க்கலாம். ரோமானியச் சட்டம் தெரிந்தவர்கள் பேரரசருக்குத் தேவைப்பட்டார்கள், பொலோன்யாவின் நான்கு சட்ட ஆசிரியர்கள் ரொன்காலியாவில் அவர் பக்கம் நின்றார்கள் என்ற நூல் அப்போதுதான் கைக்குச் சிக்கியது. யோசிக்கும்போதே வாய் பேசியது. எழுத்துத் தேர்வில் எனக்கு ஒருபோதும் நடக்காத காரியம் இது. மூன்று மணி நேரம் எழுதிய எந்தத் தாளும் என்னைத் திருப்பிக் கேள்வி கேட்டதில்லை.

இருபத்தேழு. பின் பெஞ்சிலிருந்து அறைத்தோழி தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று சொல்லச் சொல்லி. இன்னொரு முறை வந்தால் முப்பது நிச்சயம் என்பது அவள் கணக்கு. நான் ஏற்றுக்கொண்டேன்.

அடுத்த தேதி பிப்ரவரிக் கடைசி. அதற்கு முன்பே எனக்கு விமானம். மறுக்கும் உரிமை நேரம் இருப்பவர்களுக்குத்தான். அவர்களுக்கும் அது இலவசமில்லை. மறுத்து மறுத்தே படிப்புக் காலத்தைத் தாண்டிவிட்ட மாணவர்களுக்கு இத்தாலியில் தனிப் பெயரே உண்டு, ‘ஃபுவோரி கோர்சோ’. ஒவ்வொரு கூடுதல் ஆண்டுக்கும் கட்டணம், அறை வாடகை, ஊரிலிருந்து அப்பாவின் போன். அறைத்தோழி பிப்ரவரியில் போய் 28 வாங்கினாள், ஆனால் அந்தச் சமயம் படித்திருக்க வேண்டிய இன்னொரு பாடம் ஜூனுக்குத் தள்ளிப்போனது. அவளுக்கு வருத்தமில்லை. 24 என்ற எண் பட்டச் சான்றிதழின் சராசரியில் கடைசிவரை உட்கார்ந்திருக்கும், ஜூன் எப்படியும் வரத்தானே போகிறது என்றாள்.

என் இருபத்தேழுக்கு ஊரில் வேறு கதை. வெளிநாட்டில் படித்த செமஸ்டரை உள்ளூரில் கணக்கில் சேர்ப்பது பற்றிய சண்டை பழையது. ஐரோப்பாவின் எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத் திட்டமே அப்படிப் பிறந்ததுதான். சோஃபியா கொர்ராதி என்ற ரோமானிய மாணவி, 1958இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்துத் திரும்பியபோது, சொந்தப் பல்கலைக்கழகம் அதை ஏற்க மறுத்தது. அவர் விடாமல் போராடினார். 1987இல் 11 நாடுகளின் 3,244 மாணவர்களோடு எராஸ்மஸ் தொடங்கியது. இன்று ஆண்டுக்கு முழுப் படிப்பு 60 கிரெடிட், செமஸ்டருக்கு 30 என்று கணக்கு எல்லோருக்கும் ஒன்று. மார்க் மட்டும் ஒன்றில்லை.

புறப்படும் முன் நான், என் கல்லூரி, பொலோன்யா என மூன்று தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடும் மதிப்பெண் சான்றிதழோடும் கல்லூரி அலுவலகத்தில் போய் நின்றேன். அங்கிருந்த அண்ணன் சான்றிதழை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

“இருபத்தேழுன்னா ஃபெயில்தானேம்மா?”

“முப்பதுக்குண்ணே.”

“அப்ப தொண்ணூறு பர்சென்ட்டா?”

“அப்படியும் சொல்ல முடியாதுண்ணே. பதினெட்டுதான் பாஸ் மார்க்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “எதுவா இருந்தாலும் நூறுக்கு எவ்வளவுன்னு அவங்களையே ஒரு லெட்டர் தரச் சொல்லு.” பொலோன்யாவுக்கு மின்னஞ்சல் போட்டேன். நாங்கள் நூறுக்குக் கொடுப்பதில்லை, எங்கள் மாணவர்களில் எத்தனை பேர் எந்த மதிப்பெண் வாங்குகிறார்கள் என்ற அட்டவணையை இணைத்திருக்கிறோம், அதை வைத்து உங்கள் கல்லூரியே மாற்றிக்கொள்ளட்டும் என்று பதில் வந்தது. அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு மறுபடியும் அண்ணனிடம் போனேன். பரீட்சைக் குழு கூடட்டும் என்றார்.

(தொடரும்)